சத்தமில்லாமல் செய்தி பார்ப்பவர்

தி. நகர்
நவம்பர் 5

அன்புத் தங்கை சரோஜாவுக்கு,

இங்கே நான், மகன் சுரேஷ்குமார், மருமகள் சிந்து மூவரும் சௌக்கியம். என் முழங்கால் மட்டும் படிக்கட்டைக் கண்டால் முறைத்துக்கொள்கிறது. நீயும் மாப்பிள்ளையும் மகள் அனுப்ரியாவும் நல்லபடியாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அடையாறில் நம் பெரியப்பா மகன் புது வீட்டில் பால் காய்ச்சிய அன்று, இனிமேல் அண்ணனோடு பேசப்போவதில்லை என்று பந்தியில் இருந்த அத்தனை பேர் முன்னாலும் அறிவித்தாயாம். திரும்பும் வழியில் சுரேஷ் சொன்னான். காரணம் கேட்டதற்கு, "உங்களுக்கே தெரியும்ப்பா" என்று இரைந்துவிட்டு ஹாரனை அழுத்தினான். எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் உன் முடிவை மதிக்கிறேன். பேசமாட்டேன் என்றுதானே சொன்னாய்? படிக்கமாட்டேன் என்று சொல்லவில்லையே. அதனால் தபால் ஆபீசில் ஒரு கட்டு கவர் வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

நேரில் வரலாமே என்பாய். தி. நகரிலிருந்து மயிலாப்பூருக்கு நடந்தே வந்த ஆள்தான் நான். இப்போது எந்தப் பக்கம் திரும்பினாலும் மெட்ரோக்காரர்கள் தகரம் அடைத்து வைத்திருக்கிறார்கள். போன மாதம் ஓர் ஆட்டோக்காரர் உன் வீட்டுக்கென்று ஏற்றிக்கொண்டு, சுற்றிச் சுற்றி நந்தனத்திலேயே இறக்கிவிட்டார். இதுவரை வந்ததே பெரிய விஷயம் என்பது போல அவர் முகத்தில் ஒரு பெருமிதம்.

மற்றபடி, நான் இப்போது டிவியில் செய்தியைச் சத்தம் இல்லாமல்தான் பார்க்கிறேன். நீயும் செய்துபார், மனசுக்கு நல்லது. நான்கு கட்டத்தில் நான்கு தலைகள், நான்கு வாயும் ஒரே நேரத்தில் திறந்து மூடுகின்றன. நடுவில் இருக்கும் தொகுப்பாளர் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவர் மாதிரி கையை நீட்டுகிறார். சத்தத்தை எடுத்துவிட்டால் எல்லாக் கட்சிக்காரர்களும் நல்லவர்களாகவே தெரிகிறார்கள். தங்கம் விலை ஏறிய சமாச்சாரம் கீழே எழுத்தில் ஓடிவிடுகிறது. அதற்கு மேல் என்ன வேண்டும்?

பதில் போட்டே ஆகவேண்டும் என்று கட்டாயம் இல்லை. போட்டால் படிப்பேன்.

உன் அண்ணன்
அய்யாதுரை

*

மயிலாப்பூர்
நவம்பர் 12

மதிப்பிற்குரிய அண்ணனுக்கு,

நாங்கள் நலம். எங்கள் தெருவையும் தோண்டுகிறார்கள், அலமாரியில் இருக்கிற எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. அவையாவது பேசிக்கொள்கின்றனவே என்று விட்டுவிட்டேன். உங்கள் முழங்காலுக்கு இளஞ்சூட்டில் நல்லெண்ணெய் தடவவும்.

உங்கள் கவரைத் தபால்காரர் மாடியேறி வந்து கொடுத்தார். கையால் எழுதிய விலாசத்தைப் பார்த்துவிட்டு, "சொத்துத் தகராறாம்மா?" என்று அனுதாபமாகக் கேட்டார்.

என்ன காரணம் என்று கேட்டிருக்கிறீர்கள். சொல்கிறேன். அன்றைக்கு அனு கல்யாணம் செய்துகொள்ள விரும்பும் பையன் மகேஷின் அப்பாவை உங்களுக்கு அறிமுகப்படுத்தத்தான் அங்கே வரச்சொல்லியிருந்தேன். அவரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, "அண்ணே" என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. இன்னொரு தரம் கூப்பிட்டேன். பிறகு வீடே திரும்பிப் பார்க்கிற மாதிரி கூப்பிட்டேன். நீங்கள் ஒருவர் மட்டும் திரும்பாமல் நேராகப் பந்திக்குப் போய் இலை முன்னால் உட்கார்ந்துவிட்டீர்கள். சம்பந்தி ஆகப்போகிறவர் முன்னால் எனக்கு எப்படி இருந்திருக்கும்?

மகேஷும் அனுவும் தரமணியில் ஒரே ஆபீஸ். அவர்கள் வீடு சிந்தாதிரிப்பேட்டை, அப்பா கபாலிக்கு ஈக்காட்டுத்தாங்கலில் லேத் பட்டறை. நம் ஊர்க்காரர்கள் இல்லை, நம் ஆட்களும் இல்லை. ஆனால் நல்ல மனுஷர்கள். ஜனவரி 25-ஆம் தேதி நிச்சயம் வைத்திருக்கிறோம்.

நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். தட்டு மாற்றும் முன் சபையில் மூத்தவர் எழுந்து, "தாய்மாமனுக்குச் சம்மதமா?" என்று கேட்பார். தாய்மாமன் வாய்விட்டு "சம்மதம்" என்று சொன்னால்தான் தட்டு நகரும். சும்மா இருந்தால் சம்மதமில்லை என்று அர்த்தம். நம் சித்தப்பா ஒருவர் வெற்றிலையை வாயில் அடக்கிக்கொண்டு முழித்ததில், ஒரு நிச்சயமே மத்தியானம் வரை நின்றுபோன கதையை நீங்கள்தான் எனக்குச் சொன்னீர்கள்.

உங்களுக்குச் சம்மதம்தானே? போனில் கேட்டிருப்பேன். ஆனால் நான் எப்போது கூப்பிட்டாலும் சுரேஷ்தான் எடுத்து, "அப்பா குளிக்கிறாரு" என்கிறான். இரண்டு வருஷமாகக் குளிக்கிறீர்கள்.

கோபத்துடன்
சரோஜாதேவி

*

தி. நகர்
நவம்பர் 19

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் வந்தது. இங்கே மூவரும் சுகம். நல்லெண்ணெய் தடவினேன், முழங்கால் பளபளக்கிறது.

இந்த வாரம் புயல். வானிலைக்காரர்கள் சிவப்பு எச்சரிக்கை கொடுத்தார்கள், பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விட்டார்கள், சிந்து பாலும் ரொட்டியும் மெழுகுவத்தியும் வாங்கி அடுக்கினாள். அப்புறம் சுள்ளென்று வெயில் அடித்தது. விடுமுறை கிடைத்த பிள்ளைகள் தெருவில் கிரிக்கெட் ஆடி, நம் மாடி ஜன்னல் கண்ணாடியை உடைத்தார்கள். நம்மைப் பொறுத்தவரை புயல் சேதம் அதுதான். மறுநாள் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் கொட்டி, கடை வாசலில் கணுக்கால் அளவு தண்ணீர்.

வாக்காளர் பட்டியல் திருத்த ஒரு பெண் வந்தாள். இருபது வருஷத்துக்கு முன் எந்தப் பள்ளிக்கூடத்தில் ஓட்டுப் போட்டேன் என்று கேட்கிறார்கள். காலையில் கழற்றிய மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருப்பவனிடம் கேட்கிற கேள்வியா இது? சிந்துதான் எல்லாவற்றையும் எழுதிக்கொடுத்து அனுப்பினாள்.

கடையில் வியாபாரம் பரவாயில்லை. உனக்குத்தான் தெரியுமே, நம்முடையது மேட்சிங் கடை. வருகிற பெண்கள் புடவையை மேஜையில் விரிப்பார்கள், நான் பார்ப்பேன், ரவிக்கைத் துணியை எடுத்து மேலே போடுவேன். பேச்சுக்கே வேலையில்லாத தொழில். ஆண்டவன் எனக்கென்றே பார்த்துக் கொடுத்திருக்கிறான்.

அனுவின் சந்தோஷம்தான் என் சந்தோஷம். நிச்சயத்துக்கு வருவது பற்றிப் பார்க்கலாம். கல்யாண சீசன், கடையை விட்டு நகருவது கஷ்டம்.

பெசன்ட் நகர்ப் பக்கம் தெரு நாய்களைப் பற்றிப் பெரிய சண்டையாமே? நாய்களைத் தவிர எல்லோரும் கருத்துச் சொல்லிவிட்டார்கள் என்று தெரிகிறது.

அன்புடன்
அய்யாதுரை

*

மயிலாப்பூர்
டிசம்பர் 1

அண்ணனுக்கு,

எல்லோரும் இருக்கிறோம்.

புயலுக்கு ஒரு பக்கம், ஓட்டுக்கு ஒரு பக்கம், நாய்க்கு நாலு வரி. உங்கள் தங்கை மகள் நிச்சயத்துக்கு "பார்க்கலாம்". இந்த ஒரு வார்த்தையை நான் மூன்று நாள் பார்த்தேன். அதற்குள்ளே எதுவும் இல்லை.

நேராகவே கேட்கிறேன். அவர்கள் வேறு சாதி என்பதுதான் உங்களுக்குத் தடையா? அப்படியென்றால் எழுதிவிடுங்கள். அழுதாலும் தெரிந்துகொண்டு அழுவேன். நம் சொந்தத்தில் பாதிப் பேர் வாய்க்குள்ளேயே ஏதோ மென்றுகொண்டிருக்கிறார்கள். நீங்கள் எழுந்து "சம்மதம்" என்று ஒரு சொல் சொன்னால் அத்தனை வாயும் அடங்கிவிடும். நீங்கள் வராமல் போனால், அவர்கள் நினைப்பதுதான் சரி என்று ஆகிவிடும். அனு என்னிடம் எதுவும் கேட்பதில்லை. ஆனால் தபால்காரர் மணியடித்தால் அவள்தான் முதலில் ஓடுகிறாள்.

கபாலி அண்ணன் பொறுத்துப் பார்த்துவிட்டு, "நானே போய் ஒரு தபா பாத்துட்டு வரேம்மா, இன்னா இப்ப" என்கிறார். கடைக்கு வந்தால் மரியாதையாக நடத்துங்கள். பந்தி கிந்தி என்று எழுந்து ஓடிவிடாதீர்கள்.

சரோஜா

*

தி. நகர்
டிசம்பர் 8

அன்புத் தங்கை சரோஜாவுக்கு,

நலம். ரொம்ப நலம். உன் கோபம் குறைந்திருக்கும் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

சாதியா? என்னைப் பற்றி நீயா அப்படி நினைத்தாய்? அந்த வரியைப் படித்ததும் எழுந்து கடைக்கு வெளியே போய் நின்றுவிட்டேன். எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

உன் சம்பந்தி வந்தார். வாசலில் நின்றுகொண்டே, "சார்! நான்தான் கபாலி! மகேஷோட நைனா!" என்றார். தெருவில் போன பாதிப் பேர் நின்று பார்த்தார்கள், எதிர்க்கடைக்காரர் ஓடியே வந்துவிட்டார். சரோஜா, இந்த மெட்ராஸில் வாயைத் திறந்து தெளிவாகப் பேசுகிற ஒரே மனுஷர் அவர்தான். மற்றவர்கள் எல்லோரும் ஏதோ ரகசியம் சொல்வது போல உதட்டுக்குள்ளேயே பேசுகிறார்கள். டீயும் பஜ்ஜியும் வரவழைத்தேன். அவருடைய பட்டறை, ஜி.எஸ்.டி., தங்கம் விலை, பத்து நிமிஷத்தில் வெங்காயம் கொண்டுவரும் பையன்கள் ஏன் சிக்னலில் நிற்பதில்லை, எல்லாம் பேசினோம். கடையில் இருந்த பெண்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள், வேறு வழியில்லை. இரண்டு வருஷத்தில் நான் இவ்வளவு நேரம் யாருடனும் பேசியதில்லை. பையனின் போட்டோவும் காட்டினார். நல்ல முகம். அனுவுக்கு ஏற்ற பையன்.

ஆகவே என் சம்மதம் உண்டு, முழுச் சம்மதம். இதையே சபையில் படித்துக் காட்டிவிடு. நிச்சயத்துக்கு எனக்குப் பதிலாக சுரேஷை அனுப்புகிறேன். என்னை வற்புறுத்தாதே.

உன் வீட்டுக்காரரை விசாரித்ததாகச் சொல்.

அய்யாதுரை

*

தி. நகர்
டிசம்பர் 16

அன்புள்ள சரோஜா அத்தைக்கு,

சிந்து எழுதுகிறேன். நாங்கள் நலம், நீங்கள் எல்லோரும் நலமா? நான் கடைசியாகக் கடிதம் எழுதியது பத்தாம் வகுப்புப் பரீட்சையில், தெருவிளக்கு எரியவில்லை என்று மாநகராட்சி ஆணையருக்கு. ஏதாவது பிழை இருந்தால் மன்னியுங்கள்.

முந்தாநாள் போனில், "கபாலி அண்ணன் சொல்றது நெசமா? அண்ணனுக்குக் காது கேக்கலையா?" என்று கேட்டீர்கள். நான் "உம், உம், சாம்பார்தான் அத்தை" என்று உளறினேன். மாமா எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். அவருக்குக் கேட்காது. ஆனால் உதட்டைப் பார்த்தே பாதியைப் புரிந்துகொள்வார். வெளியே சொல்லக்கூடாது என்று அவரும் மாமா மாதிரியே பிடிவாதம். சுரேஷைத்தான் சொல்கிறேன்.

உண்மைதான் அத்தை. இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துவிட்டது. குக்கர் விசில், காலிங்பெல் எதுவும் கேட்பதில்லை. எதிரில் நின்று சத்தமாகச் சொன்னால்தான் கேட்கிறது. டிவி சத்தத்தை அவர் ஒன்றும் கொள்கைக்காகக் குறைக்கவில்லை. ஒருநாள் முழுசாக ஏற்றி வைத்துவிட்டு, கீழ்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டியதும் அவமானப்பட்டு, அன்றிலிருந்து அப்படியே சைலண்ட்டில் போட்டுவிட்டார். டாக்டரிடம் போகலாம் என்றால், "நான் என்ன கிழவனாவா ஆயிட்டேன்?" என்கிறார்.

அடையாறு வீட்டில் நீங்கள் கூப்பிட்டது அவருக்குக் கேட்கவே இல்லை. அதைச் சொல்லியிருக்க வேண்டியது நாங்கள். நிச்சயத்துக்கு ஏன் வரமாட்டேன் என்கிறார் என்று எனக்குப் போன வாரம்தான் புரிந்தது. "சபையில கேப்பாங்கம்மா. எனக்குக் கேக்காம நான் சும்மா இருந்துட்டேன்னா புள்ள கல்யாணம் என்னாவுறது?" என்றார். அதற்கப்புறம் ரொம்ப நேரம் துணி மடித்துக்கொண்டே இருந்தார்.

நான் எழுதியதாகச் சொல்லிவிடாதீர்கள்.

உங்கள் மருமகள்
சிந்து

*

மயிலாப்பூர்
டிசம்பர் 19

என் அன்பு அண்ணனுக்கு,

நாங்கள் நலம். இன்றைக்கு உங்கள் நலத்தைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

அண்ணே, உங்களுக்குக் காது கேட்கவில்லை. எழுதிவிட்டேன். இனி நீங்கள் பந்திக்கு எழுந்துபோக முடியாது.

யார் சொன்னது என்று சிந்துவை முறைக்காதீர்கள். கபாலி அண்ணன்தான் சொன்னார். உங்களைப் பார்த்துவிட்டு நேரே இங்கே வந்து, வாசலிலிருந்தே ஆரம்பித்தார். "தப்பா நினைச்சுக்காதம்மா. உங்க அண்ணனுக்கு நம்ம புள்ள மேல கோவம்லாம் ஒண்ணும் கிடையாது. அவருக்குக் காது அவுட்டு. எனக்கும் அதே கேஸுதான். பிரஸ் மிஷின் பக்கத்துல நின்னுகினே காலம் பூரா ஓட்டிட்டேன். கேக்காதவன் எப்டி சிரிப்பான்னு எனக்குத் தெரியாதா? தலையை ஆட்டிகினே சிரிப்பான்." இதுவரை எனக்கும் அனுவுக்கும் என் வீட்டுக்காரருக்கும் மட்டும் தெரியும் என்று எழுதத்தான் ஆசை. அவர் குரல் அப்படி. பக்கத்து வீட்டுக்கும் தெரிந்துவிட்டது.

எனக்குக் கோபம்தான். காதுக்காக இல்லை. என்னிடம் சொல்லவில்லையே என்று. உங்களைச் சாதி பார்ப்பவர் என்று எழுதினேனே, அதை நினைத்தால் என் கையை நானே கடித்துக்கொள்ள வேண்டும் போல இருக்கிறது. நீங்கள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எழுதியிருப்பேனா?

சபையைப் பற்றிப் பயப்படாதீர்கள், ஒரு யோசனை வைத்திருக்கிறேன். நான் உங்களுக்கு நேர் எதிரே நிற்பேன். மூத்தவர் கேள்வி கேட்டதும் தலையில் இருக்கும் பூவைத் தொடுவேன். உடனே நீங்கள் "சம்மதம்" என்று சொல்லிவிடுங்கள். எனக்குப் பூவை அடிக்கடி தொடுகிற பழக்கம் இருக்கிறது, அதனால் மாமா விழா முழுக்க "சம்மதம், சம்மதம்" என்று சொல்லிக்கொண்டே இருப்பார் என்று அனு ஆட்சேபிக்கிறாள். சொன்னால் சொல்லிக்கொண்டே இருங்கள். நஷ்டம் ஒன்றும் இல்லை.

ஆனால் முடிந்தால் டாக்டரைப் பாருங்கள். கண்ணாடி போட்டுக்கொண்டால் யாரும் கிழவர் என்பதில்லை. காதுக்கு மட்டும் ஏன் இந்த வீம்பு? நல்ல காது உள்ளவர்கள் சபைக்கு எத்தனையோ பேர் வருவார்கள். எனக்கு அண்ணன் ஒருவர்தான்.

சரோஜா

*

தி. நகர்
ஜனவரி 9

அன்புத் தங்கை சரோஜாவுக்கு,

தாமதமாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. முதல் ஒரு வாரம் உன் மேல் கோபமாக இருந்தேன். இரண்டாவது வாரம் யார் மேல் கோபப்படுவது என்று தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் உன் சம்பந்தி ஸ்கூட்டரில் வந்து இறங்கி, "வா சார், ரெண்டு பேரும் ஒண்ணா போலாம். ஆளுக்கொரு மிஷின் மாட்டிகினு வருவோம்" என்று கடையிலேயே அறிவித்துவிட்டார். வாடிக்கைக்காரப் பெண்கள் கை தட்டாத குறை. அதற்கு மேல் மறைக்க என்ன இருக்கிறது? போனேன்.

கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். கபாலி எனக்கு முன்னால் போய், கேட்டாலும் கேட்காவிட்டாலும் அழுத்தியிருக்கிறார். பாஸாகவேண்டும் என்று நினைத்தாராம். அவருக்கு மறுபடியும் முதலிலிருந்து வைத்தார்கள்.

இப்போது இரண்டு காதிலும் மிஷின். அப்பப்பா, இந்த ஊர் இவ்வளவு சத்தம் போடுகிறது என்று எனக்கு மறந்தே போயிருந்தது. என் செருப்பே என் பின்னால் வருகிறது. பேப்பரைத் திருப்பினால் பட்டாசு. டிவியில் செய்தியைச் சத்தத்தோடு வைத்துப் பார்த்தேன். அரை நிமிஷம் தாங்கினேன். மறுபடியும் சத்தத்தை எடுத்துவிட்டேன். இந்த முறை நிஜமாகவே கொள்கைக்காக.

கடையில் ஒரு பெரிய உண்மை வெளிவந்தது. பேரம் பேசாத கண்டிப்பான கடை என்று தெருவில் நமக்கு ஒரு பெயர் உண்டு இல்லையா? பேரம் பேசத்தான் செய்திருக்கிறார்கள், எனக்குத்தான் கேட்கவில்லை. நேற்று ஒரு அம்மாள் பக்கத்தில் நின்றவரிடம், "இந்தப் பெரியவர்கிட்ட குறைச்சுக் கேட்டா கல்லு மாதிரி நிப்பாரு" என்றாள். எனக்குக் கேட்டுவிட்டது. குறைத்துக் கொடுக்கவேண்டியதாயிற்று.

இன்னொன்று. சிந்து சமைக்கும்போது பாடுகிறாள், சரோஜா. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது, எனக்குத் தெரியவே தெரியாது. கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். நான் நிற்பது தெரிந்ததும் நிறுத்திவிட்டாள். இனி, முழங்காலுக்காக வீட்டுக்குள் போடும் செருப்பையும் கழற்றிவிட்டுத்தான் நடக்கவேண்டும்.

நிச்சயத்துக்கு வருகிறேன். பூவை நீ உன் இஷ்டத்துக்குத் தொட்டுக்கொள்.

அய்யாதுரை

*

மயிலாப்பூர்
ஜனவரி 12

என் அண்ணனுக்கு,

நலம், நலம், நலம். உங்கள் கடிதத்தை வாசலிலேயே நின்று படித்தேன். தபால்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கேஸ் ஜெயிச்சிட்டீங்களாம்மா?" என்று கேட்டார். பொங்கல் செலவுக்கு வைத்துக்கொள்ளச் சொல்லிக் கையில் கொஞ்சம் கொடுத்தேன்.

அனு உடனே மகேஷுக்குச் சொன்னாள். மகேஷ் அவன் அப்பாவுக்குச் சொன்னான். அவருக்குச் சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரி.

பேசமாட்டேன் என்று சொன்னதை வாபஸ் வாங்கிவிட்டேன். நிச்சயம் வரைக்கும் காத்திருக்க என்னால் முடியாது. ஒரு தரம் போன் செய்யுங்கள். சுரேஷ் வேண்டாம், சிந்து வேண்டாம், நீங்களே உங்கள் கையால் என் நம்பரை அழுத்துங்கள். பொங்கல் கழிந்து வேலையெல்லாம் ஓய்ந்ததும் கூப்பிட்டால் போதும். அதற்குள் குளித்துவிடுங்கள்.

பொங்கல் வாழ்த்துகள். கரும்பை முன்பல்லால் கடிக்காதீர்கள், காதோடு செலவு நிற்கட்டும்.

சரோஜா

*

தி. நகர்
ஜனவரி 17

தங்கைக்கு,

பொங்கல் நல்லபடியாக முடிந்தது. வீட்டில் எல்லோரும் சுகம்.

இன்று காணும் பொங்கல். ஊர் முழுக்க மெரினாவுக்குப் போய்விட்டது, தெரு அமைதியாக இருந்தது. போன் செய்ய இதைவிட நல்ல நேரம் வராது என்று சட்டையை மாற்றிக்கொண்டு உட்கார்ந்து, நீ சொன்ன மாதிரி என் கையாலேயே அழுத்தினேன். மணி அடித்தது கேட்டது. யாரோ எடுத்ததும் கேட்டது. அதற்கப்புறம் ஒன்றும் இல்லை. மூச்சுவிடுகிற மாதிரி ஒரு இரைச்சல் மட்டும். கத்திப் பார்த்தேன். மிஷினைக் கழற்றித் தட்டி மாட்டிப் பார்த்தேன். கடைசியில் வைத்துவிட்டேன். நீ அங்கே பேசிக்கொண்டுதான் இருந்திருப்பாய். எனக்கு ஒரு சொல்கூடக் கேட்கவில்லை.

எதிரில் இருப்பவர் குரல் கேட்கிறது என்றுதான் தைரியமாக இருந்தேன். மிஷின் சமயத்தில் காலை வாரிவிடும் என்று தெரிந்துபோயிற்று. சபையில், அத்தனை பேர் நடுவில், மூத்தவர் கேட்கும்போது இதே மாதிரி ஆனால்? நான் முழித்துக்கொண்டு நிற்க, அனு தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. என்னால் அந்தக் குழந்தைக்கு ஒரு குறை வரக்கூடாது.

மிஷினைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டேன். வியாழக்கிழமை சிந்து அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வருவாள். நிச்சயத்துக்கு சுரேஷ் வருவான். கோபித்துக்கொள்ளாதே, சரோஜா. நான் முயற்சி செய்தேன்.

அய்யாதுரை

*

மயிலாப்பூர்
ஜனவரி 20

அண்ணே,

உங்கள் கடிதம் இப்போதுதான் வந்தது. இதைத் தபாலில் போட்டால் காரியம் கெட்டுவிடும் என்று அனு கையில் கொடுத்தனுப்புகிறேன். மிஷின் பெட்டியில் இருக்கும்போது போனில் சொல்லியும் பயனில்லை. அவள் உங்கள் எதிரிலேயே நிற்பாள். நின்றுகொண்டே படியுங்கள்.

மிஷினுக்கு ஒரு கோளாறும் இல்லை.

அன்றைக்கு நான் சமையலறையில் இருந்தேன். போனில் "அண்ணன்" என்று பெயர் வந்தது. அந்தப் பெயர் தானாக வந்து எத்தனை காலமாயிற்று! ஈரக்கையோடு எடுத்தேன். "சரோஜா, நான்தாம்மா பேசுறேன், அண்ணன்" என்றீர்கள். "சாப்பிட்டியாம்மா?" என்றீர்கள். அவ்வளவுதான். சாப்பிட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தால் அழுகைதான் வருகிறது. அழுதால் நீங்கள் என்னவோ ஏதோ என்று பயந்துவிடுவீர்களே என்று முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டேன். அந்தப் பக்கம் நீங்கள், "ஏலே சுரேஷு, ஒண்ணும் கேக்கலையேலே, மிஷின் போச்சுலே" என்று கத்தினீர்கள். இல்லை அண்ணே, இல்லை என்று இங்கே தலையை ஆட்டினேன். போனில் தலையாட்டி என்ன பிரயோஜனம்? வைத்துவிட்டீர்கள். முகம் கழுவிக்கொண்டு நான் திரும்பக் கூப்பிட்டபோது சுரேஷ்தான் எடுத்தான். அப்பா தூங்கப் போய்விட்டார் என்றான். அசதி போலிருக்கிறது, எழுந்ததும் நீங்களே கூப்பிடுவீர்கள், அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்று நானும் காத்திருந்தேன். நீங்கள் இப்படி உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பீர்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

மூச்சுவிடுகிற மாதிரி ஒரு இரைச்சல் மட்டும் கேட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். அது நான்தான் அண்ணே. மயிலாப்பூரில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு விட்ட மூச்சை தி. நகரில் கேட்டிருக்கிறீர்கள். அந்த மிஷினையா திருப்பிக் கொடுக்கப்போகிறீர்கள்?

படித்து முடித்ததும் அனுவைப் பெட்டியை எடுத்துவரச் சொல்லுங்கள். இரண்டையும் காதில் மாட்டிக்கொண்டு, அங்கிருந்தே என்னைக் கூப்பிடுங்கள். போனைக் கையில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன். எடுத்ததும் முதலில் கொஞ்சம் அழுவேன். அது மிஷின் கோளாறு இல்லை. வைத்துவிடாதீர்கள்.

உங்கள் தங்கை
சரோஜா